‘அரண்மனைக்குள்ள போகாதீங்க’ – வியன்னா நாட்குறிப்பு

சனி

வியன்னா விமான நிலையத்தில் இறங்கியதும் பச்சை நிறப் பலகைகள் கண்ணில் படும். 16 நிமிடத்தில் நகர மையம் என்று சொல்லும் ரயிலுக்கு அவை வழி காட்டுகின்றன. அதில் ஏறக் கூடாது என்ற உத்தரவு எங்களுக்குச் சென்னையிலேயே வந்துவிட்டது. அதே நிலையத்திலிருந்து சாதாரண ரயில் ஒன்று கிளம்பி, கால் மணி நேரத்தில் ஹவுப்ட்பான்ஹோஃப் என்ற தலைமை நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறது. கட்டணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

உத்தரவு போட்டவர், கோவையில் என்னோடு வேலை பார்க்கும் வியன்னாக்காரர் ஒருவரின் அம்மா. எழுபதைத் தாண்டியவர். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எங்களுக்கு வாய் வரவில்லை. ‘அம்மா’ என்றே வைத்துக்கொண்டோம். கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கேரளாவா?” 1970களில் கேரளத்திலிருந்து நிறைய செவிலியர்கள் இந்த ஊர் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். இரவுப் பணியில் கூட இருந்த தோழிகள் எல்லாம் அவர்கள்தானாம். “இல்லைம்மா, பக்கத்து மாநிலம்” என்றேன். அது பெரிய வித்தியாசமில்லை என்பதுபோல் தலையாட்டிவிட்டு, குழாயைத் திறந்து ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

பாட்டில் தண்ணீர் வாங்கினால் வீட்டுக்குள் விடமாட்டாராம். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரால் காலராவும் டைபாய்டும் வந்துகொண்டிருந்தன. எடுவார்ட் சூஸ் என்ற புவியியலாளர் மலையிலிருந்து நேராகத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று நகர மன்றத்தில் போராடி, 1873-ல் முதல் குழாய்ப் பாதை திறக்கப்பட்டது. 1910-ல் இரண்டாவது. பம்பு எதுவும் கிடையாது. மலைச் சரிவிலேயே வழிந்து ஊருக்கு வந்துவிடுகிறது. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்துக்கு நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலப்பெயரைச் சூட்டியவரும் இதே சூஸ்தான். பள்ளிக்கூடத்தில் படித்த பெயர் இங்கே சமையலறைக் குழாய் வழியாக வரும் என்று நினைக்கவில்லை.

சரி, மாலை 6 மணிக்குள் காய்கறி, ரொட்டி, பால் எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது. சனிக்கிழமை 6 மணிக்குக் கடைகள் மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். ஞாயிறு அவசரமென்றால் பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகள்தான் கதி. வார இறுதியில் வந்து இறங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு

“மேல்மாடி பஸ்ஸில் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு சுற்ற வேண்டாம். D டிராமில் ஏறுங்க, கடைசி நிறுத்தம் வரைக்கும் போங்க.” இதுதான் இன்றைய உத்தரவு.

நாங்கள் தங்கியிருக்கும் ஃபாவொரிட்டன், ஊரின் 23 வட்டங்களில் 10-ஆவது. உழைக்கும் மக்களின் பகுதி. பயணக் கையேடுகள் இந்தப் பக்கம் வருவதில்லை. D டிராம் இங்கேயே தொடங்குகிறது. பெல்வெடேர் அரண்மனையை ஒட்டி இறங்கி, ரிங் சாலையில் திரும்பி, ஓபரா, இரட்டை அருங்காட்சியகங்கள், நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எனச் சுற்றுலாப் பயணி கேட்பதை எல்லாம் ஜன்னல் வழியே காட்டிவிடுகிறது. பழைய கோட்டைச் சுவரை இடித்துவிட்டு, 1857-க்குப் பிறகு அந்த வளையத்தில் போட்ட சாலை இது. வலப்பக்கம் உட்கார்ந்தால் பழைய நகரம், இடப்பக்கம் உட்கார்ந்தால் நாடாளுமன்றம். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே போனோம்.

“என்னங்க, டிக்கெட் கேட்க ஆளே வரலையே?” என்றாள் மனைவி. வரமாட்டார்கள். சுரங்க ரயிலிலும் தடுப்புக் கதவு கிடையாது. காகித டிக்கெட் என்றால் நீலப் பெட்டியில் சொருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. சாதாரண உடையில் பரிசோதகர் வரும் நாளில் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் நூறு யூரோவைத் தாண்டும். பல நாள் டிக்கெட்டை ஒருமுறை குத்திவிட்டால் அதற்கப்புறம் கவலையில்லை.

ஊரின் வடக்கே போகும்போது தங்கக் குண்டு பொருத்திய நீலப் புகைபோக்கி ஒன்று தெரியும். கோயில் கோபுரம் என்று நினைத்துவிடாதீர்கள், குப்பை எரிக்கும் ஆலை. தீ விபத்துக்குப் பிறகு ஹுண்டர்ட்வாசர் என்ற ஓவியரைக் கூப்பிட்டு அதை அலங்கரித்தார்கள். அந்தச் சூட்டில்தான் நகரத்தின் பல்லாயிரம் வீடுகளுக்கு வெந்நீரும் குளிர்கால வெப்பமும் போகின்றன.

அடுத்து இறங்கிய இடம் கார்ல் மார்க்ஸ் ஹோஃப். அம்மாவின் பட்டியலில் முதலில் இருந்தது இதுதான், ஷோன்ப்ருன் அரண்மனை அல்ல. 1927-க்கும் 1930-க்கும் இடையில் மாநகராட்சி கட்டிய குடியிருப்பு. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல், வீடுகள் 1,382. செங்காவி நிறச் சுவரில் பெரிய பெரிய வளைவுகள், மேலே கொடிக்கம்பம் தாங்கும் கோபுரங்கள். உள்ளே நுழைந்தால் ஓசை அடங்கிப்போகிறது, மரங்களும் புல்வெளியும்தான். மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில்கூடக் கட்டடம் இல்லை. பால்கனிகளில் ஜெரேனியத் தொட்டி, கொடியில் உலரும் போர்வை, ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலி மாட்டும் சிறுவன். சுவரில் பெரிய எழுத்தில், வீட்டுவசதி வரிப் பணத்திலிருந்து வியன்னா மாநகராட்சி கட்டியது என்று பதித்திருக்கிறார்கள். திறந்துவைத்த அமைச்சர் பெயர் அல்ல, பணம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு! அந்த வரி 1923-ல் வந்தது. வீடு எவ்வளவு ஆடம்பரமோ அவ்வளவு கூடுதல் வரி.

1934 பிப்ரவரியில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் அரசுப் படை இந்தக் குடியிருப்பின் மீது பீரங்கியால் சுட்டது. பழைய பொதுச் சலவைக்கூடம் ஒன்றில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிறு மதியம் திறந்திருக்கும். அந்தக் காலத்துச் சலவை இயந்திரப் படங்களை மனைவி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் வீடும் இப்படி ஒரு மாநகராட்சிக் குடியிருப்பில்தான். இன்றும் நகரத்துக்குச் சொந்தமாக சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. ஐரோப்பியத் தலைநகர் ஒன்றில் ஓய்வூதியத்தில் ஒரு செவிலியர் நிம்மதியாக வாடகை கொடுத்து வாழ்கிறார் என்றால், காரணம் இதுதான்.

மறுபடி D. கடைசி நிறுத்தம் நுஸ்டோர்ஃப். அங்கிருந்து மேடேறினால் திராட்சைத் தோட்டங்கள். மாநகர எல்லைக்குள்ளேயே இவ்வளவு திராட்சை விளையும் தலைநகரம் வேறு எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளைவித்தவரே தோட்டத்தில் பெஞ்சு போட்டுத் தன் வைனை விற்கலாம் என்று 1784-ல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் போட்ட ஆணையிலிருந்து வந்த பழக்கம் இன்னும் நடக்கிறது. வாசலில் ஊசியிலைக் கொத்து கட்டியிருந்தால் கடை திறந்திருக்கிறது என்று பொருள்.

செப்டம்பர் கடைசியில் வந்ததற்குக் கிடைத்த பரிசு ‘ஷ்டூர்ம்’. பிழிந்த திராட்சைச் சாறு, நொதித்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பது. கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் சுறுசுறுவென்று. நம் ஊர்க் கள்ளைப் போலவே காலையில் ஒரு ருசி, மாலையில் ஒரு ருசி. கள்ளுக்குத் தடை போட்ட மாநிலத்திலிருந்து போனவன் என்பதால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பாட்டில் மூடியை இறுக்க மாட்டார்கள், இறுக்கினால் வெடித்துவிடும். பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் போச்சு. இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தார். வயிற்றைக் கலக்குமாம், செவிலியர் வாக்கு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: ‘லிப்டவர்’ என்று கேளுங்கள். தயிர்ப் பாலாடைக்கட்டியில் மிளகாய்த் தூளும் வெங்காயமும் போட்டுப் பிசைந்தது. கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், ஊறிய வெள்ளரி. மனைவிக்கு அதுவே போதுமாக இருந்தது. கீழே டான்யூப் ஆறும் மொத்த ஊரும் தெரிகின்றன. இதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

திங்கள்

இன்று இடுகாடு. சிரிக்காதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் விருந்தாளியைக் கூட்டிப்போகும் இடங்களில் ஒன்று அது. யாராவது இறந்துவிட்டால், “71-ல் ஏறிவிட்டார்” என்பார்கள். மத்தியக் கல்லறைக்குப் போகும் டிராமின் எண் 71. 1918-ல் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவியபோது சவப்பெட்டிகளையே டிராமில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

1874-ல் திறந்த இந்த மயானத்தின் பரப்பு சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர். புதைக்கப்பட்டவர்கள் சுமார் 30 லட்சம். உயிரோடு இருக்கும் வியன்னாக்காரர்கள் 20 லட்சம்தான். உள்ளேயே பஸ் ஓடுகிறது. இரண்டாம் வாசலில் இறங்கினால் பேதோவன், ஷூபர்ட், பிராம்ஸ், யோஹான் ஸ்ட்ராஸ் எல்லாரும் சில அடி தூரத்தில் வரிசையாக. நடுவில் மோட்சார்ட்டுக்கு நினைவுத்தூண் மட்டும்தான். அவர் 1791-ல் புதைக்கப்பட்டது வேறிடம், வழியில் வரும் சாங்க்ட் மார்க்ஸ் கல்லறை. துல்லியமாக எந்த இடம் என்பது யாருக்கும் தெரியாது.

இசை மேதைகளை எல்லாம் விட எனக்குப் பிடித்துப்போனது ஒரு வெள்ளெலி. ஹாம்ஸ்டர் என்று கூண்டில் வளர்ப்பார்களே, அதன் காட்டு உறவு. ஐரோப்பாவில் அழியும் நிலைக்கு வந்துவிட்ட உயிரினம், இங்கே கல்லறைகளுக்கு நடுவே வளை தோண்டி வாழ்கிறது. ஒரு கல்லறையில் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்குள் தலையை விட்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தது அது. வெளியே எடுத்தபோது இரண்டு கன்னமும் உப்பி, முகமே அகலமாகிவிட்டது. எங்களைப் பார்த்தது, அசையவில்லை, மறுபடி தலையை உள்ளே விட்டது. குளிர்காலத்துக்குச் சேர்க்க வேண்டும், எங்களோடு மெனக்கெட நேரமில்லை.

முதல் வாசலுக்கும் போகச் சொன்னார் அம்மா, தான் வரவில்லை. அங்கே பழைய யூதர் பகுதி. கல்லெல்லாம் சாய்ந்து, கொடி படர்ந்து, பெயர்கள் பாசிக்குள் மறைந்து கிடக்கின்றன. மான்கள் நடமாடுகின்றன. அழகான காடு என்று தோன்றிய மறுநிமிடம் காரணம் உறைக்கிறது. 1938-க்கு முன் வியன்னாவில் கிட்டத்தட்ட 2 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் தப்பி ஓடினார்கள். விளக்கேற்ற வர வேண்டிய பிள்ளைகளே இல்லை. அந்த வாசலைத் தவிர்த்துவிட்டு இரண்டாம் வாசலில் மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள்.

செவ்வாய்

காலையிலிருந்து மழை. மழை நாளுக்கென்றே காபிக் கடையைத் தள்ளி வைத்திருந்தார் அம்மா. ரஷ்யப் புரட்சியாளர் ட்ரோட்ஸ்கி சதுரங்கம் ஆடிய கஃபே சென்ட்ரலில் குடை பிடித்துக்கொண்டு வரிசை நிற்கிறது. வரிசையில் நின்று குடித்தால் அது வியன்னா காபியே இல்லையாம். கும்பெண்டோர்ஃபர் தெருவில் 1880-லிருந்து இருக்கும் கஃபே ஷ்பெர்லுக்கு அனுப்பினார். தேய்ந்த மெத்தை இருக்கைகள், பில்லியர்ட்ஸ் மேசைகள், செய்தித்தாளை மரச்சட்டத்தில் கோத்து மாட்டியிருக்கிறார்கள்.

வெறும் ‘காபி’ என்று கேட்டால் பரிமாறுகிறவர் புருவத்தைத் தூக்குவார். பால் நுரையோடு வேண்டுமென்றால் மெலாஞ்ச். கண்ணாடித் தம்ளரில் கறுப்புக் காபி, மேலே கிரீம் என்றால் ஐன்ஷ்பெனர். சின்ன உலோகத் தட்டில் காபியும் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வரும். தம்ளர் மேல் கரண்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தண்ணீர் தீர்ந்தால் கேட்காமலே இன்னொன்று வைப்பது மரியாதை. பில்லை நாமாகக் கேட்கும் வரை கொண்டுவர மாட்டார்கள். எங்கள் மேசைக்காரர் கடைசி வரை சிரிக்கவில்லை. “சிரித்திருந்தால் அவர் வெளியூர்க்காரர்” என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா விளக்கினார். பணம் கொடுக்கும்போது தொகையை அவர் சொல்வார். டிப்ஸையும் சேர்த்து முழு எண்ணாக நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். மேசையில் சில்லறை விட்டுவிட்டுப் போவது வழக்கமில்லை.

மாலை ஓபரா. ஸ்டெஃபான் தேவாலயத்தைச் சுற்றியும் ஓபரா வாசலிலும் மோட்சார்ட் காலத்துப் பொய்முடியும் சிவப்புக் கோட்டும் போட்ட இளைஞர்கள் கச்சேரி டிக்கெட் விற்பார்கள். அவர்களைக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அரசு ஓபராவில் நின்று பார்க்கும் இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. 20 யூரோவுக்குள் முடிந்துவிடும். அன்றைய டிக்கெட் காலை 10 மணிக்கு இணையத்தில் வரும். தவறவிட்டால் நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன்பு பக்கவாட்டு வாசல் கவுன்டரில் வாங்கலாம். கீழ்த்தளத்தில் நிற்கும் இடம், பேரரசர் உட்கார்ந்த மாடத்துக்கு நேர் கீழே! நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இருநூறு யூரோவுக்கும் மேல் கொடுத்தவர்கள்.

இடம் பிடித்ததும் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வெளியே போய்வரலாம். யாரும் தொட மாட்டார்கள். மனைவி துப்பட்டாவைக் கட்டினாள். பக்கத்திலிருந்த பெரியவர் அந்த முடிச்சைப் பார்த்துத் திருப்தி இல்லாமல், கைகாட்டி அனுமதி கேட்டு, அவிழ்த்து, தன் பாணியில் கட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பியிலேயே சின்னத் திரை இருக்கிறது, ஆங்கிலத்தில் வசனம் ஓடுகிறது. மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்பதால் செருப்பைப் பார்த்துப் போடுங்கள்.

1869-ல் திறந்த கட்டடம். கட்டும்போதே ஊரார் அதைக் கேலி செய்தார்கள். கட்டடக் கலைஞர் இருவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார், மற்றவர் சில வாரங்களில் இறந்தார். இரண்டு பேரும் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. அந்த அதிர்ச்சியில், அதன்பின் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் எதைக் காட்டினாலும் “மிக அழகாக இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது” என்று மட்டும்தான் சொல்வாராம். இரவு நாங்கள் திரும்பி வந்து ஓபராவைப் புகழ்ந்தபோது அம்மா அதே வாக்கியத்தைச் சொல்லிக் கண்ணடித்தார். அவருக்கு ஓபரா பிடிக்காது.

ஓபரா முடிந்து வெளியே வந்தால் பின்புறம் தொத்திறைச்சிக் கடை. பட்டுக் கவுன் போட்டவர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் ஒரே மேடையில் நின்று சாப்பிடுகிறார்கள். நான் கேசெக்ரைனர் வாங்கினேன். உள்ளே பாலாடைக்கட்டி வைத்த பன்றி இறைச்சி. துண்டு போட்டுக் கடுகோடு தருவார்கள். கடிக்கும்போது தள்ளி நில்லுங்கள், சூடான பாலாடை பீச்சியடிக்கும். மனைவிக்கு ரொட்டியும் கடுகும்தான். நாளைக்கு வீட்டில் மரிலன்க்னோடல் என்று சமாதானம் சொல்லிக் கூட்டி வந்தேன். முழு ஏப்ரிகாட் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டும் கொழுக்கட்டை அது.

புதன்

கொழுக்கட்டை பிரமாதம். வேறொன்றும் பெரிதாக இல்லை. காலை 7 மணிக்கு ஷோன்ப்ருன் தோட்டம். “அரண்மனைக்குள்ள போகாதீங்க, தோட்டம் இலவசம், மேட்டில் ஏறித் திரும்பிப் பாருங்க” என்றிருந்தார். பார்த்தோம். ஓடுகிறவர்களும் நாய்களும்தான். 9 மணிக்கு மேல் பஸ் கூட்டம் இறங்கத் தொடங்கியதும் கிளம்பிவிட்டோம்.

மதியம் டான்யூப் தீவு. 21 கிலோமீட்டர் நீளமான இந்தத் தீவே வெட்டியெடுத்த மண்ணால் ஆனது. 1954 வெள்ளத்துக்குப் பிறகு, பெருக்கெடுக்கும் நீரைத் திருப்பிவிட ஆற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கால்வாய் தோண்டினார்கள். வேலை 1972-ல் தொடங்கி 1988-ல் முடிந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டிய இடம் இப்போது ஊரின் குளிக்கும் கரை. தண்ணீர் சில்லென்று இருந்தது, நான் முழங்காலோடு நிறுத்திக்கொண்டேன்.

வியாழன்

கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். 7 மணிக்கு மேல் கூட்டம் கரைந்துவிடும். “ப்ரூகெல் அறைக்கு மட்டும் போய்விட்டு வாங்க” என்பது கட்டளை. இங்கே மட்டும் அம்மாவோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. கட்டணம் கொடுத்துவிட்டு ஒரே அறையோடு திரும்ப மனம் வருமா? எகிப்தியப் பகுதியையும் பார்த்தோம். ஆனால் கடைசியில் அந்த அறைதான் மனதில் நின்றது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பீட்டர் ப்ரூகெலின் ஓவியங்களில் எஞ்சியிருப்பவை நாற்பது போல. அவற்றில் 12 இங்கே. பாபேல் கோபுரம் (1563) முன்னால் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து கொத்தனார்களை எண்ணலாம். எனக்குப் பிடித்தது விவசாயி வீட்டுக் கல்யாண விருந்து. கதவு ஒன்றைக் கழற்றி அதையே தட்டாக்கிக் கஞ்சிக் கிண்ணங்களைச் சுமந்து வருகிறார்கள் இரண்டு பேர். முன்னால் ஒரு குழந்தை, மயிலிறகு செருகிய பெரிய தொப்பி கண்ணை மறைக்க, தரையில் உட்கார்ந்து தட்டை வழித்து நக்குகிறது. கதவுக்குக் கீழே கால்களை எண்ணிப் பாருங்கள், ஒரு கால் கூடுதலாக இருக்கும். மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள்; அதற்கப்புறம் நான் வேறெதையும் பார்க்கவில்லை. பந்தி பரிமாறும் அவசரத்தில் கால் யாருடையது என்று கேட்க யாருக்கு நேரம்?

வெள்ளி

ராட்சத ராட்டினத்தில் ஏறவில்லை. 1897-லிருந்து சுற்றுகிறது, இன்னும் சுற்றும். ஸாஹர் என்ற சாக்லேட் கேக்கும் சாப்பிடவில்லை. காய்ந்த கேக் என்பது அம்மாவின் தீர்ப்பு, அவர் பெயரைச் சொல்லி வம்பு வளர்க்க வேண்டாம். ஆனால் ஸ்டெஃபான் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 343 படி ஏறினேன். குறுகலான சுழல் படிக்கட்டு, இறங்குகிறவருக்கு வழிவிட முதுகைச் சுவரில் ஒட்ட வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் வடக்குக் கோபுரத்து லிஃப்டில் போகலாம்.

மாலையில் ஓட்டக்ரிங் பக்கத்து ப்ருன்னன் சந்தை. நாஷ்மார்க்ட் என்ற பிரபலமான சந்தையில் உணவகங்கள் பெருகி விலையும் ஏறிவிட்டது. ஊர்க்காரர்கள் காய்கறி வாங்குவது இங்கேதான். துருக்கியர், செர்பியர், சிரியர் என்று எல்லாரும் கடை போட்டிருக்கிறார்கள். கொத்தமல்லிக் கட்டும் பச்சை மிளகாயும் கிடைத்தன. இரவு அம்மாவின் அடுப்பில் மனைவி ரசம் வைத்தாள். பழைய தோழிகள் வைத்ததைவிடக் காரம் குறைவு என்று சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

நாளை காலை பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. ரயிலில் ஒரு மணி நேரம். கவுன்டரில் ‘பிராட்டிஸ்லாவா டிக்கெட்’ என்றே கேட்க வேண்டுமாம். போகவர ஒரே டிக்கெட், அங்கே டிராமும் பஸ்ஸும் அதில் அடக்கம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், வண்டியில் சில நேரம் பார்ப்பார்களாம்.